வளவுப் பெயரில் வீட்டு மின்னஞ்சல்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்கும் ஃபைபர் இணையம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், பழைய கம்பி இணைப்பை நிறுத்திவிட்டு உடனே மாறினோம். அந்தச் சந்தோசத்தில் ஒரு விசயத்தை நான் யோசிக்கவில்லை. அப்பாவின் மின்னஞ்சல் முகவரி அந்தப் பழைய இணைப்போடு வந்தது. 2005இல் இணைப்புக் கொடுத்த நிறுவனமே கொடுத்த முகவரி. இணைப்பை நிறுத்திக் கொஞ்ச நாளில் முகவரியும் நின்றுவிட்டது.

அப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். வெளிநாட்டில் இருக்கும் ஆட்கள் இன்றைக்கும் தங்கள் காணி வரைபடத்தின் பிரதி கேட்டு அவருக்கு எழுதுவார்கள். வங்கியிலும் அந்த முகவரிதான். ஊரில் ஒரு சாவு என்றால் மரண அறிவித்தலை உறவினர் 40 பேருக்கு அனுப்புபவரும் அவர்தான். பாரிசில் இருந்து சித்தப்பா போன் எடுத்து, "அண்ணை, உங்களுக்குப் போட்ட மெயில் திரும்பி வருது, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு விசயமே தெரியவந்தது.

ஜீமெயிலில் ஒன்று திறந்து கொடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 20 வருடமாக ஒருவரை அடையும் வழியாக இருந்த முகவரி, அவர் யாரிடம் இணைப்பு வாங்குகிறார் என்பதைப் பொறுத்து நிற்பதும் போவதும் சரியில்லை. முகவரி எங்களுடையதாக இருக்க வேண்டும். பெட்டியை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், பிடிக்காவிட்டால் முகவரியோடு கிளம்பக் கூடியதாக இருக்க வேண்டும். இனி வருவதெல்லாம் இந்த ஒன்றுக்காகச் செய்தவைதான்.

அதற்கு முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரைப் பதிவு செய்யும் இடம் ஒன்று. அந்தப் பெயருக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் இன்னொன்று. மெயில் வந்து விழும் பெட்டி மூன்றாவது. பல நிறுவனங்கள் மூன்றையும் ஒரே பொதியாக விற்கும், வாங்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். நான் மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தேன். பெட்டிக்காரரை மாற்ற வேண்டும் என்றால் டிஎன்எஸ்ஸில் சில வரிகளை மாற்றினால் போதும், எழுதுபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பெயர் தேடத் தொடங்கியபோதுதான் எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. வெள்ளைக்காரர் குடும்பப் பெயரில் டொமைன் வாங்கிவிடுவார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கு முன்னால் அப்பாவின் பெயர். அப்பாவுக்கு முன்னால் அப்பப்பாவின் பெயர். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்குப் பின்னால் இப்போது மச்சானின் பெயர். எந்தப் பெயரைப் போட்டாலும் அப்பா, அம்மா, நான், தங்கச்சி என்ற நால்வரில் யாரோ ஒருவருக்குப் பொருந்தாது. கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். "உறுதியில காணிக்கு ஒரு பெயர் இருக்குதெல்லோ, அதைப் போடன்."

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், ஒரு பெயர் இருக்கும். எங்கள் வளவின், அதாவது வீடு நிற்கும் காணியின், பெயரை இங்கே எழுதவில்லை. அதில் ழகரம் இல்லை, இரண்டு விதமாக எழுதக்கூடிய நெடில் இல்லை. இது முக்கியம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். போனில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் சரியாக எழுதுவாரா என்று பார்க்க ஐந்து பேருக்குப் போன் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். நான்கு பேர் சரியாக எழுதினார்கள். ஐந்தாமவர் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினார்.

தமிழிலேயே முகவரி வைக்கத்தான் எனக்கு முழு ஆசை. '.இலங்கை' என்ற தமிழ் டொமைன் 2010இல் இருந்து இருக்கிறது. தமிழ் எழுத்தில் முழு மின்னஞ்சல் முகவரியை அனுமதிக்கும் தரம் 2012இல் வந்தது. 2014இல் இருந்து ஜீமெயிலும் அப்படிப்பட்ட முகவரிகளோடு மெயில் பரிமாறுகிறது. இருந்தும் வங்கிப் படிவம், டிக்கெட் தளம் என்று போனால் தமிழ் எழுத்தைக் கண்டதும் 'தவறான முகவரி' என்கின்றன. அப்பாவுக்கு இது நாளாந்தம் பாவிக்க வேண்டிய பொருள், பரிசோதனைக்கு உரியது அல்ல. அதனால் ஆங்கில எழுத்தில் இலங்கைக்குரிய '.எல்கே' (.lk) எடுத்தேன். அதற்கு இன்னொரு காரணம் ரூபாயில் கட்டலாம் என்பது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்தில் 360க்குப் போனது. வெளிநாட்டுக் கட்டணத்துக்கு அட்டை வேலை செய்யுமா என்று பயந்த நாட்கள் அவை. பெட்டிக்கான காசு ஒருமுறை பிந்தினால் சமாளிக்கலாம். டொமைன் காலாவதியானால் வேறு யாரும் அதை வாங்கலாம், வாங்கியவருக்கு எங்கள் மெயில் எல்லாம் போகும், வங்கியின் கடவுச்சொல் மாற்றும் மெயில் உட்பட.

பெட்டியை எங்கே வைப்பது? மெயிலை வாங்கி அனுப்பும் கணினியான சேர்வரை நானே நடத்த வேண்டும் என்ற எண்ணம் பல வருடமாக இருந்தது, முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன்.

வீட்டில் வைக்க முடியாது என்பது தெரியும். கரண்ட் போவதால் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையான காரணம் அல்ல. பெறும் சேர்வர் நின்றிருந்தால் அனுப்பும் சேர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி தரத்திலேயே எழுதியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்படி ஒரு காலத்தில்கூட வரும் மெயில் தொலைந்திருக்காது. பிரச்சினை அனுப்புவதில். வீட்டு இணைப்பின் ஐபி, அதாவது இணையத்தில் அதன் எண் முகவரி, அடிக்கடி மாறும், சில இணைப்புகளில் ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிரும். வீட்டு ஐபியில் இருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்று குப்பை மெயிலைத் தடுக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியலே வைத்திருக்கின்றன. பெரிய சேவைகள் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடும்.

ஆகவே வெளிநாட்டில் ஒரு சிறிய மெய்நிகர் சேர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். மெயிலை அனுப்பிப் பெறப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்ட டவ்கொட், ஸ்பாம் எனும் குப்பையை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. போஸ்ட்ஃபிக்ஸ் 1998இல் வெளிவந்த மென்பொருள். அதன் ஆவணங்களைப் படிக்கும்போது ஒரு நல்ல ஆசிரியரிடம் பாடம் கேட்பது போல இருக்கும், மெயில் எப்படி நடக்கிறது என்று நான் கற்றதே அதில்தான். சேர்வர்கள் மெயில் பரிமாறும் வாசலான போர்ட் 25ஐ, சேர்வரை வாடகைக்குக் கொடுத்தவர் பூட்டி வைத்திருந்தார், எழுதிக் கேட்டுத் திறந்தேன். ஐபியில் இருந்து பெயருக்குப் போகும் பின்திசைப் பதிவையும் போட்டேன். எல்லாம் சரி. ஜீமெயிலுக்கு அனுப்பியது ஸ்பாமுக்குள் போனது. இன்னொரு பெரிய சேவை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. என் ஐபியில் குற்றமில்லை, அதே வரிசையில் பக்கத்து ஐபிகளில் யாரோ குப்பை அனுப்பியிருக்கிறார்கள், முழு வரிசையும் தடை. விண்ணப்பம் போட்டேன், நீக்கினார்கள், மூன்று கிழமையில் திரும்பவும் தடை.

மரண அறிவித்தல் இப்படிப் போக முடியாது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் பிறகு ஒருவர் ஸ்பாமைத் திறந்து பார்த்துச் செய்தி அறிந்தால் அதை எப்படிச் சரிசெய்வது? சேர்வரை நிறுத்தினேன். அங்கே படித்தது பிறகு ஒவ்வொரு படியிலும் உதவியது.

இடையில் இரண்டு மாதம் ஒரு இலவச வழிமாற்றும் சேவையை வைத்திருந்தேன். வளவுப் பெயருக்கு வருவதை அது ஒரு ஜீமெயில் பெட்டிக்குத் தள்ளிவிடும். பெறுவதற்குப் பரவாயில்லை. ஆனால் அதற்கு அனுப்பும் வசதி கிடையாது, பதில் போட்டால் ஜீமெயில் முகவரியில் இருந்துதான் போகும். பதில் வந்த புது முகவரியையே ஆட்கள் சேமித்துக்கொள்வார்கள். நோக்கமே கெட்டுவிடும்.

காசு கொடுத்து வாங்கும் சேவைகளுக்கு வந்தேன். கூகுளும் மைக்ரோசொஃப்டும் ஆளுக்கு மாதக் கட்டணம் கேட்கின்றன, நாலு பேருக்குக் கணக்குப் பார்த்தால் எங்களுக்கு அது அதிகம். புரோட்டன் சுவிற்சர்லாந்தில் 2014இல் தொடங்கியது, பெட்டிக்குள் இருப்பதைக் குறியாக்கி வைப்பதால் மற்றவர் படிக்க முடியாது. அந்தத் தேவை உள்ளவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் திறக்க வேண்டும் என்றால் கணினியில் 'பிரிட்ஜ்' என்ற இன்னொரு மென்பொருள் எப்போதும் ஓட வேண்டும், அதுவும் கட்டணத் திட்டத்தில் மட்டும். அப்பாவின் பழைய மடிக்கணினிக்கு அது பாரம். மெல்பேர்னில் இருக்கும் ஃபாஸ்ட்மெயில் 1999இல் இருந்து நடக்கிறது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வேகம் அதில்தான், விலைதான் தடுத்தது.

நிறைய நேரம் யோசித்தது மிகாடு, சோஹோ என்ற இரண்டு சேவைகளுக்கு இடையில். மிகாடு பெட்டிக் கணக்குக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு வருடக் கட்டணம், அதற்குள் எத்தனை முகவரியும் வைக்கலாம். ஒரு சங்கம், ஒரு சிறு கடை, நிறைய முகவரி, குறைந்த போக்குவரத்து என்றால் இதைவிட நியாயமான கணக்கு இல்லை. ஆனால் நாளுக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது, நான் பார்த்தபோது மிகக் குறைந்த திட்டத்தில் 20. அப்பா மாதத்தில் 29 நாள் இரண்டு மெயில் அனுப்புவார். முப்பதாவது நாள் ஒரு சாவுச் செய்தி வந்தால் 40 பேருக்குப் போக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே அவருக்கு மின்னஞ்சல் தேவை.

சோஹோவின் தலைமையகம் சென்னையில். சொந்த டொமைனுக்கு ஐந்து பேர்வரை இலவசத் திட்டமும் உண்டு, ஆனால் வேறு மென்பொருளில் பெட்டியைத் திறக்க உதவும் ஐமேப் அதில் கிடையாது. உலாவியிலோ அவர்களின் செயலியிலோதான் பார்க்க வேண்டும். ஐமேப் இல்லாத பெட்டியை நான் எடுக்க மாட்டேன், விலை பூச்சியம் என்றாலும். உள்ளே போன மெயிலை நினைத்த நேரம் முழுதாக வெளியே எடுக்கும் கதவு அது. அதனால் கட்டணத் திட்டம், ஆளுக்கு மாதம் 1 டொலர், 5 ஜிபி. நாலு பேருக்கு வருடம் 48 டொலர், 300 ரூபாய்க் கணக்கில் 14,400 ரூபாய். தங்கச்சி அதைத் தான் கட்டுவதாகச் சொன்னாள்.

டிஎன்எஸ்ஸை வேறொரு நிறுவனத்தில் வைத்தேன். மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு மூன்று, முன்னுரிமை 10, 20, 50. இது ஐந்து நிமிடம். அடுத்ததில்தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

அனுப்பும் மெயில் உண்மையில் எங்கள் டொமைனில் இருந்துதான் வருகிறது என்று மற்றவர்கள் நம்ப மூன்று பதிவுகள் தேவை. எந்தச் சேர்வர்கள் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும். ஒவ்வொரு மெயிலிலும் ஒரு கையெழுத்தை டிகிம் இடும். இவை இரண்டும் பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் பெருந்தொகையாக அனுப்புவோரிடம் மூன்றையுமே கட்டாயமாகக் கேட்கின்றன. எங்களைப் போன்ற சின்ன அனுப்புநரும் மூன்றையும் போடுவதே நல்லது.

எஸ்பிஎஃப் போட்டேன், சோதனை மெயில் அனுப்பினேன். இரவு தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, உங்கட மெயில் ஸ்பாமுக்குள்ள கிடக்குது." ஜீமெயிலில் 'மூலத்தைக் காட்டு' என்பதைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எஸ்பிஎஃப் நிரந்தரப் பிழை என்று இருந்தது. டிஎன்எஸ் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. பழைய வழிமாற்றும் சேவைக்காகப் போட்ட எஸ்பிஎஃப் வரி அங்கேயே இருந்தது. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. பழையதை அழித்ததும் அது சரியானது.

டிகிம் இன்னொரு விதமாக இழுத்தது. பதிவின் பெயரை முழு டொமைனோடு ஒட்டினேன். என் டிஎன்எஸ் பக்கம் டொமைனைத் தானாகவே பின்னால் சேர்த்துவிட்டது, டொமைன் இரண்டு தடவை வந்தது. சோஹோ 'பதிவு கிடைக்கவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டிஎன்எஸ் பரவ நேரம் எடுக்கும் என்று நினைத்து நான்கு மணித்தியாலம் காத்திருந்தேன். காத்திருக்கத் தேவையே இல்லை, கட்டளை வரியில் அந்தப் பெயரை நேரடியாகக் கேட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். டிகிம் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி 2048 பிட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். டிஎன்எஸ்ஸில் ஒரு எழுத்துத் துண்டு 255 எழுத்துக்கு மேல் போக முடியாது, சாவி அதைவிட நீளம். சில பக்கங்கள் தாமாகவே துண்டாக்கும். ஆக்காவிட்டால் நாமே இரண்டு மேற்கோள் துண்டாக எழுத வேண்டும்.

டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்தேன். ஒரு மாதம் வந்த அறிக்கைகளில் எல்லாம் சரியாக இருந்த பிறகு, பொருந்தாததை ஸ்பாமில் போடு என்ற நிலைக்கு மாற்றினேன்.

இனிப் பழைய மெயில். அப்பா 2005இல் இருந்து பாப்3இல் எடுத்துக்கொண்டிருந்தார், அதாவது மெயில் எல்லாம் அவருடைய கணினிக்கே இறங்கியிருந்தது. முகவரி போனாலும் மெயில் போகவில்லை. தண்டர்பேர்டில் உள்ளூர்க் கோப்புறையில் இருந்து புது ஐமேப் பெட்டிக்கு இழுத்துப் போட்டால் மேலே ஏறும். ஆயிரக்கணக்கில் ஒரே தடவை இழுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது, எது ஏறியது எது ஏறவில்லை என்று தெரியாது. வருடத்துக்கு ஒரு கோப்புறை போட்டு, ஒவ்வொன்றும் ஏறிய பிறகு எண்ணிக்கையை ஒப்பிட்டு, அடுத்ததுக்குப் போனேன். நான்கு இரவு.

2006, 2007 கோப்புறைகளைத் திறந்தபோது நெஞ்சு கனத்தது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை பூட்டிய பிறகு பாரிசில் இருந்து பெரியப்பா கிழமைக்கு இரண்டு எழுதியிருக்கிறார். ஆனால் திரையில் தெரிந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல். எல்லாம், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டியவை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தட்டினோம். எழுத்துருவைக் கணினியில் நிறுவியதும், வடிவமைப்போடு அனுப்பிய மெயில்கள் தமிழாகத் தெரிந்தன. வெறும் எழுத்தாக அனுப்பியவை தெரியவில்லை. அவற்றைப் பிரதி எடுத்துப் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டினால் யூனிகோடாக வருகிறது. வந்ததை அதே திகதியோடு ஒரு கோப்பில் சேமிக்கிறேன். மூல மெயிலை மாற்றவில்லை.

மென்பொருளில் எல்லோரையும் ஒன்றுக்கு இழுக்கவில்லை. அப்பாவுக்குத் தண்டர்பேர்ட், எழுத்தின் அளவைக் கூட்டி. அம்மா போனில் ஜீமெயில் செயலியைப் பழகியவர், அதே செயலிக்குள் வேறு ஐமேப் கணக்கைச் சேர்க்கலாம், அதைச் செய்தேன், அவருக்கு ஒன்றும் புதிதாகப் படிக்கத் தேவைப்படவில்லை. எனக்கு அண்ட்ரொய்டில் கே-9 மெயில் நீண்ட காலப் பழக்கம். அதே நிரல்தான் 2024 ஒக்டோபரில் தண்டர்பேர்டாகவும் வெளிவந்தது. தங்கச்சியின் ஐபோனில் மெயில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும்படி வைத்தாள், போதும் என்கிறாள். இரண்டுபடிச் சரிபார்ப்பைப் போட்டிருந்தால் இந்தச் செயலிகளுக்கு வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. செயலிக்கு என்று தனிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும், ஐமேப்பையும் அமைப்பில் போய்த் திறந்துவிட வேண்டும்.

நால்வருக்கும் சேர்த்து 'வீடு' என்று ஒரு குழு முகவரி. கரண்ட் பில் முதல் கோயில் அறிவித்தல் வரை அதற்கு வரும். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்கும் வசதியை முதல் கிழமை திறந்து வைத்தேன், இல்லாத பெயர்களுக்கெல்லாம் குப்பை வந்தது, மூடிவிட்டேன்.

காப்புக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் எம்பிசிங்க் என்ற மென்பொருள் ஒவ்வொரு இரவும் நாலு பெட்டியையும் வட்டில் இறக்குகிறது. அழிப்பதைப் பின்பற்றாதே என்று அதற்குச் சொல்லியிருக்கிறேன். அம்மா தவறிப்போய் அழித்தாலும் பிரதியில் இருக்கும்.

முகவரியை மாற்ற அப்பாவோடு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை, "ஐயா, இது ஜீமெயில் இல்லையோ? கடைசியில கொம் வராதோ?" என்று கேட்டாள். அப்பா பொறுமையாக, "இல்லைப் பிள்ளை, எல்கேயோட முடியுது. இது எங்கட வளவின்ர பெயர்" என்றார். அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள், அப்பா எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சரி என்றார். கொமைச் சேர்த்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு, ஆகவே எங்கே கொடுத்தாலும் திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டொமைன் பதிவுக் கணக்கின் தொடர்பு முகவரியாக வளவு முகவரியைக் கொடுக்கவில்லை. டொமைன் நின்றால் அந்த எச்சரிக்கை மெயிலும் வராது. அதற்கு என் பழைய ஜீமெயிலும் தங்கச்சியினதும். புதுப்பிக்கும் திகதி, மூன்று இடங்களின் பெயர், மீட்புக் குறியீடுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து, காணி உறுதி இருக்கும் அதே உறைக்குள் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

பெரியப்பாவின் மெயிலில் இன்னும் 300 வரை மாற்ற இருக்கிறது. ஒட்டி மாற்றும் வேலையை இப்போது அப்பாவே செய்கிறார், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று. நேற்று வந்தது 2007 தைப்பொங்கலுக்கு எழுதியது. அதை 'வீடு' முகவரிக்கு அனுப்பிவிட்டு, எங்களுக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார்.